பழைய கார் இழுக்கலன்னா, பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி

நீங்க கேட்டதை ஒரு தடவை சுருக்கி சொல்லிக்கிறேன், நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு பாத்துக்கலாம். 18 வருஷம் ஓடின பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வண்டி. நின்னுட்டு இருக்கும்போது ஐடிலிங்ல நடுங்குது, மேடு ஏறும்போது மூணாவது கியர்ல ஆக்சலரேட்டரை முழுசா மிதிச்சாலும் இழுவை இல்ல, மைலேஜும் குறைஞ்சிருச்சு, செக் இன்ஜின் லைட் வந்து வந்து போகுது. இதுவரைக்கும் பிளக் மாத்தியாச்சு, ஆக்சிஜன் சென்சார் (சைலன்சர் புகைல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குறது) மாத்தியாச்சு, ரெண்டுக்கும் அசையல. இப்போ பியூயல் பம்ப் மாத்தணும்னு சொல்றாங்க, மாத்தலாமா வேணாமான்னு கேக்குறீங்க.

இப்போதைக்கு வேணாம். பம்ப் நல்லா இருக்குன்னு நான் சொல்லல, போயிருக்கலாம். ஆனா அதை யாரும் அளந்து பாக்கவே இல்லையே. பழைய வண்டில வர்ற பெரிய செலவே ரிப்பேர் செலவு இல்ல, "இதுவா இருக்கும், அதுவா இருக்கும்"னு மாத்துற செலவுதான். அதோட இன்னொரு விஷயம், 18 வருஷ வண்டின்னா ஒரே ஒரு கோளாறுன்னு நினைச்சு தேடாதீங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு சின்ன சின்ன கோளாறு சேந்து ஒரு பெரிய வியாதி மாதிரி காட்டும். உங்க விஷயத்துலயே பாருங்க, ஐடிலிங்ல நடுங்குறதும் மேட்டுல இழுக்காததும் ரெண்டு வேற வேற நேரத்துல வர்ற பிரச்சனை. ஒரே காரணமாவும் இருக்கலாம், ரெண்டாவும் இருக்கலாம்.

அதனால நான் முதல்ல கேக்குற கேள்வி "என்ன பண்ணுது"ன்னு இல்ல, "எப்போ பண்ணுது"ன்னுதான். காலைல குளிர்ந்த இன்ஜின்ல பண்ணுதா, சூடானப்புறம் பண்ணுதா? லேசா மிதிச்சா சரியா போய், அழுத்தி மிதிச்சா மட்டும் முக்குதா? குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே மாட்டேங்குதா, இல்ல எல்லா ஆர்பிஎம்லயும் சோம்பலா இருக்கா? மழை நாள்ல ஜாஸ்தியா? பெட்ரோல் டேங்க் பாதிக்கு கீழ போனா ஜாஸ்தியா? ஏசி போட்டா ஆஃப் ஆகுற மாதிரி வருதா? ஒரு வாரம் ஒரு சின்ன நோட்ல எழுதி வைங்க, சிரிக்காதீங்க, எந்த ஸ்கேனரும் (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டி படிக்கிற கருவி) தராத விஷயத்தை அந்த நோட் தரும். மழைல மட்டும் வர்ற மிஸ்ஸிங்குக்கு (சிலிண்டர் எரியாம விட்டுப்போறது) பெட்ரோல் பக்கம் போய் தேடினா ஒரு மாசம் தேடிட்டு இருக்க வேண்டியதுதான்.

இன்ஜின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க, கோளாறு இன்ஜின்லதானா? நல்ல சமமான ரோட்டுல மெதுவா போய் நியூட்ரல்ல விட்டா வண்டி தானா உருண்டு போகணும், யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி சீக்கிரம் நின்னா பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரேக்கே அதிகம் மிதிக்காம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, நாலு வீல் கிட்டயும் கையை கொண்டு போய் பாருங்க (தொடாதீங்க, சுட்டுடும்), ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த பிரேக்தான். கிளட்ச் நழுவுறது இன்னொண்ணு, நாலாவது கியர்ல மெதுவா போய்ட்டு இருக்கும்போது ஒரே மிதி மிதிங்க, ஆர்பிஎம் முள்ளு ஜிவ்வுன்னு ஏறி வண்டி வேகம் மட்டும் ஏறலன்னா இன்ஜின் பாவம் ஒண்ணும் பண்ணல, கிளட்ச் தேஞ்சிருக்கு. இன்ஜினை இறக்குறேன்னு சொன்ன அப்புறம் கிளட்ச்னு தெரிஞ்ச கேஸை நானே பாத்திருக்கேன். அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாத்துடுங்க, ரொம்ப நாள் நிறுத்தி வச்ச வண்டின்னா உள்ள எலி கூடு கட்டியிருக்கும், தமாஷ் இல்ல.

சரி, இன்ஜினுக்கு வருவோம். காத்து, பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள கலவையை அழுத்துறது), இது நாலும் சரியான நேரத்துல வந்தா எந்த பெட்ரோல் இன்ஜினும் ஓடித்தான் ஆகணும். தேடுறதும் இந்த நாலுல எது குறையுதுன்னு தேடுறதுதான், வேற மந்திரம் கிடையாது.

லைட் வந்து வந்து போகுதுன்னு சொன்னீங்க, லைட் இப்போ அணைஞ்சிருந்தாலும் கோளாறு கோட் (கம்ப்யூட்டர் குறிச்சு வைக்கிற நம்பர்) உள்ள சேவ் ஆகியிருக்கலாம், ஸ்கேனர் போட்டு பாருங்க. கோடை அழிக்காதீங்க, முதல்ல எழுதி வைங்க, கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம்னு ஒண்ணு இருக்கும், கோட் விழுந்த நொடில இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடுன்னு போட்டோ புடிச்ச மாதிரி வச்சிருக்கும், அதையும் எழுதுங்க. இங்கதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க, கோடுங்கறது பார்ட் பேர் இல்ல. பி0171ன்னு வந்தா அர்த்தம் "கலவைல பெட்ரோல் பத்தல, நான் ஏத்தி ஏத்தி பாத்தும் சரியாகல"ன்னு கம்ப்யூட்டர் புலம்புது, அவ்வளவுதான். அதைப் பாத்துட்டு "ஆக்சிஜன் சென்சார் கோட்"னு சொல்லி சென்சாரை மாத்துறாங்க. உண்மையை சொன்ன சாட்சியை தூக்கி உள்ள போடுற மாதிரி. உங்க வண்டிலயும் இதுதான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன். பி0300ன்னா பல சிலிண்டர்ல மாறி மாறி மிஸ்ஸிங், பி0301, 0302ன்னு வந்தா கடைசி நம்பர்தான் சிலிண்டர் நம்பர். லைட் நிதானமா எரிஞ்சா ஓட்டி வீடு போய் சேரலாம், ஆனா மினுக் மினுக்னு மின்னினா மிஸ்ஸிங் ரொம்ப ஜாஸ்தி, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையை சுத்தம் பண்ற பெட்டி) உருக்கிடும், அப்போ மிதிக்காம ஓரம் கட்டிடுங்க.

ஸ்கேனர்ல கோடை விட எனக்கு புடிச்சது பியூயல் ட்ரிம். பெட்ரோல் முழுசா எரிய எடைக்கு எடை 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல் வேணும், அந்த கணக்கு தப்பும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டியோ குறைச்சோ விடுது, எவ்வளவு கூட்டுது குறைக்குதுன்னு காட்டுறதுதான் ட்ரிம். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம்னு ரெண்டு வரும், ரெண்டையும் கூட்டிக்கோங்க. பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலைப்பட வேணாம். பிளஸ் 20, 25ன்னு போனா எங்கயோ பெட்ரோல் பத்தல இல்ல கணக்குல வராத காத்து உள்ள போகுது. எது? இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஐடிலிங்ல ஒரு ரீடிங், 2500 ஆர்பிஎம்ல நிறுத்தி ஒரு ரீடிங், முடிஞ்சா யாரையாவது ஓட்ட சொல்லி மேடு ஏறும்போது ஒரு ரீடிங். ஐடிலிங்ல பிளஸ் 20 இருந்து 2500ல 5க்கு இறங்கிட்டா ஏர் புடிக்குது, ஏன்னா ஓட்டை அளவு மாறாது, ஐடிலிங்ல இன்ஜின் குடிக்கிற காத்தே கொஞ்சம்தான் அதுல அந்த திருட்டு காத்து பெரிய பங்கா தெரியும், ஆர்பிஎம் ஏறினா அது கரைஞ்சு போயிடும். தலைகீழா, ஐடிலிங்ல ஒழுங்கா இருந்து லோடு ஏற ஏற பிளஸ் ஏறினா பெட்ரோல் பத்தல, ஃபில்டர், பம்ப், இல்லன்னா அழுக்கு புடிச்ச ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ள போற காத்தை அளக்குறது). ரெண்டு இடத்துலயும் பிளஸ்னா நான் சொன்ன மாதிரி ரெண்டு கோளாறாவும் இருக்கலாம்.

இதுல ரெண்டு பொறி இருக்கு, விழுந்துடாதீங்க. ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம மேனிஃபோல்டுல (சிலிண்டருக்கு காத்து போற குழாய்) பிரஷர் மட்டும் அளக்குற மேப் சென்சார் வண்டிங்கன்னா, சின்ன ஏர் லீக்கு ட்ரிம்ல பெருசா தெரியாது, அதுக்கு பதிலா ஐடிலிங் ஆர்பிஎம் ஏறிக்கிட்டு நிக்கும். ரெண்டாவது, ஒரு சிலிண்டர் எரியாம மிஸ் ஆனா அங்க செலவாகாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்கு வரும், ஆக்சிஜன் சென்சார் அதைப் பாத்து "பெட்ரோல் பத்தல"ன்னு சொல்லும், உண்மைல அங்க இருக்கிறது கரண்ட் பிரச்சனை. சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் மேனிஃபோல்டுல வெடிப்பு இருந்தாலும் இதே பொய்தான். அதனால மிஸ்ஸிங் இருந்தா முதல்ல அதை சரி பண்ணிட்டு அப்புறம் ட்ரிம் பாருங்க.

ஏர் லீக்குன்னதும் ஒரு வண்டி ஞாபகம் வருது. நிறுத்தி வச்சு எவ்வளவு ரேஸ் பண்ணாலும் தேன் மாதிரி ஓடும், ரோட்டுல முதல் கியர்ல கிளட்ச் விட்ட உடனே குபுக்குனு அமுங்கி, ஜெர்க் ஆகி, அப்புறம் போகும். பிளக், காயில், ஃபில்டர் எல்லாம் ஏற்கனவே புதுசு போட்டாச்சு. ரெண்டு நாள் தலையை புடிச்சிட்டு உக்காந்தேன். கடைசில பானெட்டை திறந்து வச்சு, பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு லேசா கிளட்ச் விட சொன்னேன், நான் வண்டிக்கு நேரா நிக்காம ஓரமா நின்னு பாத்தேன். இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்துப்போய் இன்ஜின் ஒரு பக்கமா ரெண்டு விரல் அளவு சாயுது, சாயும்போது ஏர் ஃபில்டர்ல இருந்து த்ராட்டிலுக்கு (மிதிக்கும்போது காத்துக்கு திறக்குற வாய்) வர்ற அந்த மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸ் இழுபட்டு, அடிப்பக்க மடிப்புக்குள்ள ஒரு கீறல் வாயைத் திறக்குது. இன்ஜின் நேரா வந்ததும் வாயை மூடிக்குது. மேல இருந்து பாத்தா ஹோஸ் புதுசு மாதிரி இருக்கும். கழட்டி கையில வச்சு வளைச்சப்புறம்தான் விரல் நுழையுற அளவுக்கு கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. அந்த ஹோஸையும் மவுண்டையும் மாத்தினதோட சரி. அன்னைலேர்ந்து பழைய வண்டின்னா அந்த ஹோஸை கழட்டி ஒவ்வொரு மடிப்பையும் விரிச்சு பாக்காம விடுறதில்ல, நீங்களும் ஏர் லீக் தேடும்போது அதுலேர்ந்தே ஆரம்பிங்க, காசே ஆகாத வேலை.

மத்த ஏர் லீக் இடங்கள்னு பாத்தா, கட்டை மாதிரி இறுகிப்போன சின்ன சின்ன வேக்யூம் ஹோஸ் எல்லாம், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் அடில இருக்கிற ஓ-ரிங், பிசிவி வால்வும் (இன்ஜின் அடில சேர்ற ஆவியை திருப்பி இன்டேக்குக்கு விடுறது) அதோட ஹோஸும், பிரேக் பூஸ்டர். பூஸ்டரை சோதிக்க இன்ஜின் ஆஃப்ல பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு, மிதிச்ச காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா உள்ள இறங்கணும். இறங்கலன்னாலோ காலடில உஸ்ஸுன்னு சத்தம் வந்தாலோ அங்க ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஆர்பிஎம் மாறுதான்னு பாக்குறது பழைய வழி, வேலை செய்யும், ஆனா சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல பட்டா குப்புன்னு புடிக்கும், எனக்கு அது புடிக்காது. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி ஜாயிண்ட் ஜாயிண்டா, காயில் வயர் கனெக்டர் மேல படாம அடிச்சு பாருங்க, ஓட்டை இருந்தா தண்ணி உறிஞ்சி ஐடிலிங் சத்தம் ஒரு நொடி மாறும். புகை விட்டு பாக்குற மெஷின் இருக்கிற இடம் கிடைச்சா அதுதான் எல்லாத்தையும் விட நல்லது, ஓட்டை எங்கன்னு புகை கை காட்டிடும்.

த்ராட்டில் பாடில கருப்பா படிஞ்சிருக்கிற பிசினையும் ஐடில் வால்வையும் கிளீன் பண்ணிடுங்க, ஐடிலிங் நடுக்கத்துல பாதி அதுலயே போகும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதுக்குன்னு விக்கிற கிளீனர் மட்டும், துணியோ பிரஷ்ஷோ அந்த கம்பில பட்டா அதோட கதை முடிஞ்சுது.

அடுத்தது கரண்ட். பிளக் புதுசுன்னு சொன்னீங்க, சந்தோஷம், ஆனா அதை மறுபடி கழட்டி வரிசையா வைங்க, எது எந்த சிலிண்டர்னு குழப்பிடாம. பிளக்கோட மூக்கு டீ நிறத்துல, இல்ல சாம்பல் கலந்த பழுப்புல இருந்தா ஆரோக்கியம். காஞ்ச கரி மாதிரி கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி இல்ல பொறி வீக். எண்ணெய் பிசுபிசுப்புன்னா ரிங் இல்ல வால்வ் சீல். வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு மாதிரி இருந்தா பெட்ரோல் பத்தாம சூடேறுது. நாலும் ஒரே மாதிரி இருந்தா கோளாறு பொதுவான இடத்துல, மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் வேற நிறமா இருந்தா அந்த ஒரு சிலிண்டர்ல, இது ஒண்ணே எவ்வளவு வேலையை மிச்சம் பண்ணும் பாருங்க. பீங்கான் உடம்புல மெல்லிசா பென்சில் கோடு மாதிரி கருப்பு கோடு ஓடினா பொறி வெளிப்பக்கமா தாவி ஓடுதுன்னு அர்த்தம், பிளக்கையும் மேல இருக்கிற ரப்பர் பூட்டையும் சேத்து மாத்தணும். கேப் எவ்வளவுன்னு மேனுவல்ல பாத்து ஃபீலர் கேஜ் வச்சு அளங்க, நிறைய வண்டிக்கு 0.7 மிமீலேர்ந்து 1.1 மிமீக்குள்ள வரும், பெட்டில இருந்து எடுத்த மாதிரியே போட்டா சரியா இருக்கும்னு நம்பாதீங்க.

பிளக் வயர் இருக்கிற வண்டின்னா ராத்திரி நல்ல இருட்டுல, வெளில திறந்த இடத்துல, பானெட்டை திறந்து ஓட விட்டு வயர் மேல மட்டும் லேசா தண்ணி தூவி பாருங்க, கையை தூரமா வச்சுக்கோங்க. கரண்ட் கசியுற இடத்துல நீல நிறமா சின்ன மின்னல் ஓடும், டிக் டிக்னு சத்தமும் கேக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் இருந்தா இன்னும் சுலபம், மிஸ் ஆகுற சிலிண்டர் காயிலை பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி போடுங்க, மிஸ்ஸிங் கூடவே போனா காயில் போச்சு, போகலன்னா காயில் நல்லது. எந்த சிலிண்டர்னு தெரியலன்னா ஐடிலிங்ல ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டி பாருங்க, கழட்டினதும் இன்ஜின் இன்னும் மோசமா நடுங்கினா அந்த சிலிண்டர் வேலை செஞ்சிட்டு இருந்தது, கழட்டியும் ஒரு வித்தியாசமும் இல்லன்னா சோம்பேறி அவன்தான். பிளக் வயரை ஓடும்போது உருவி பாக்குற பழக்கம் வேணாம், காயிலுக்கும் கெடுதல், உங்களுக்கும் அடிக்கும்.

இப்போ அவங்க சொன்ன பம்ப். பம்ப் நல்லதா கெட்டதான்னு சொல்ல பிரஷர் கேஜ் போட்டாகணும், காது வச்சு கேட்டா தெரியாது. போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டில (இன்டேக் வழில பெட்ரோல் பீச்சுற வகை) பொதுவா பிரஷர் 40லேர்ந்து 60 பிஎஸ்ஐக்குள்ள இருக்கும், உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு மேனுவல் பாக்கணும். முக்கியமா ஐடிலிங்ல மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லக்கூடாது, மேடு ஏறும்போதுதானே உங்களுக்கு பிரச்சனை, அந்த லோடுலதான் பிரஷர் நிக்குதா விழுதான்னு பாக்கணும். விழுந்தாலும் உடனே பம்ப்னு சொல்லிடாதீங்க. ஃபில்டர் அடைச்சிருந்தாலும் விழும். பம்ப் கனெக்டர்ல ஓடும்போது வோல்ட் அளங்க, பேட்டரில 14 இருந்து பம்ப்ல 11தான் வந்தா வயரோ ரிலேவோ எர்த்தோ கரண்டை தின்னுட்டு இருக்கு, புது பம்ப் போட்டாலும் அதே 11தான். எர்த்தை சோதிக்க மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல வச்சு செல்ஃப் அடிங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த கேபிளை கழட்டி துருவை தேச்சு போடுங்க. பிரஷர் ரெகுலேட்டர்ல வேக்யூம் ஹோஸ் இருந்தா உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனையோ ஈரமோ இருந்தா உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சு பச்சை பெட்ரோல் நேரா இன்ஜினுக்குள்ள போகுது, மைலேஜ் குறையுறதுக்கு அது போதும். கேஜ் மாட்டுறதுக்கு முன்னாடி லைன்ல இருக்கிற பிரஷரை இறக்கிட்டு, நெருப்பு ஒண்ணும் பக்கத்துல இல்லாம பண்ணுங்க.

சின்ன விஷயம், ஆனா பாத்துடுங்க, வண்டி அரை மணி நேரம் நல்லா போய் அப்புறம் திணறினா ஓரம் கட்டி பெட்ரோல் மூடியை திறங்க. புஸ்ஸுன்னு பெருமூச்சு விட்ட மாதிரி காத்து உள்ள போய், அப்புறம் வண்டி சரியா போச்சுன்னா டேங்க் காத்து வழி அடைச்சிருக்கு, பெட்ரோலை பம்ப் இழுக்க இழுக்க டேங்க் வேக்யூம் ஆகுது.

மேட்டுல இழுக்காததுக்கு ரொம்ப பேர் மறக்கிற காரணம் சைலன்சர் பக்கம் அடைப்பு. உள்ள போற காத்து வெளிய போனாத்தானே புதுசு உள்ள வரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள உருகி உடைஞ்சு அடைச்சிருந்தா ஐடிலிங் ஓரளவு சரியா இருக்கும், மிதிக்க மிதிக்க மூக்கை பொத்தின மாதிரி ஆகும். இதுக்கும் இன்னும் பல விஷயத்துக்கும் ஒரு வேக்யூம் கேஜ் போதும், பழைய மெக்கானிக்குங்க ஸ்டெதஸ்கோப் மாதிரி வச்சிருப்பாங்க, இப்போ யாரும் எடுக்குறதில்ல. மேனிஃபோல்டுல மாட்டி ஐடிலிங்ல பாத்தா கடல் மட்டத்துல நல்ல இன்ஜின் 17லேர்ந்து 22 இஞ்ச் (பாதரச அளவு) வரைக்கும் ஆடாம நிக்கும், உயரம் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 1 இஞ்ச் குறைச்சுக்கோங்க. முள்ளு ஆடாம ஆனா தாழ்வா நின்னா டைமிங் லேட் இல்ல ஏர் லீக். சீரா ஒரே இடைவெளில டிக் டிக்னு கீழ விழுந்து எழுந்தா ஒரு வால்வ் சரியா மூடல. அப்புறம் 2500 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம் அப்படியே புடிங்க, முள்ளு ஏறி நின்னுட்டா சைலன்சர் ஃப்ரீ, மெதுவா மெதுவா இறங்கிட்டே வந்தா அடைப்பு. ஆனா கன்வெர்ட்டர் தானா சாகாது, மிஸ்ஸிங்கோ ஆயில் எரியுறதோ அதை கொன்னிருக்கும், அதை சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் போயிடும்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டை ஏன் இவ்வளவு லேட்டா சொல்றேன்னா அது கொஞ்சம் வேலை, ஆனா மேல சொன்னதுல ஒண்ணும் சிக்கலன்னா தவிர்க்காதீங்க. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளிய, காயிலையும் இன்ஜெக்டரையும் டிஸ்கனெக்ட் பண்ணிட்டு, பேட்டரி ஃபுல் சார்ஜ்ல, ஆக்சலரேட்டரை முழுசா மிதிச்சு வச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு சுத்து. மிதிக்க மறந்தா எல்லாமே கம்மியா காட்டி வீணா பயமுறுத்தும். பெரும்பாலான வண்டிக்கு 120லேர்ந்து 180 பிஎஸ்ஐக்குள்ள வரும், ஆனா எவ்வளவுங்கறதை விட நாலும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு கிட்ட இருக்குங்கறதுதான் விஷயம், 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா யோசிக்கணும். கம்மியா வந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி மறுபடி அளங்க, ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வ். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்தே கம்மின்னா நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நாலுமே சமமா கம்மின்னா போர் போச்சுன்னு அவசரமா முடிவு பண்ணாதீங்க, டைமிங் பெல்ட் ஒரு பல்லு தாவியிருந்தாலும் அப்படித்தான் வரும், மார்க்கை பாத்துட்டு பேசுங்க. வால்வ் கிளியரன்ஸ் இறுகிப்போய் வால்வ் முழுசா மூடாம, வெறும் டாப்பட் அட்ஜஸ்ட்மென்ட்ல சரியாகுற வண்டியும் இருக்கு, கேஸ்ல ஓடின வண்டிங்கள்ல இது சகஜம்.

மைலேஜுக்கு மட்டும் தனியா ஒண்ணு. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கிட்டா இன்ஜின் சூடே ஏறாது, கம்ப்யூட்டர் இன்னும் குளிரா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை ஊத்திட்டே இருக்கும். டெம்பரேச்சர் சென்சார் பொய் சொன்னாலும் அதேதான். ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல கூலன்ட் சூடும் உள்ள வர்ற காத்தோட சூடும் பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டணும். ஒண்ணு 24, இன்னொண்ணு மைனஸ்ல காட்டினா பொய் சொல்றது யாருன்னு தெரிஞ்சிடும்.

புகையை பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல, கவனிச்சு பாருங்க. கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி. நீலம்னா ஆயில், அதுலயும் காலைல ஸ்டார்ட் பண்ண உடனே கொஞ்சம் வந்து நின்னா வால்வ் சீல், மிதிக்கும்போது வந்தா ரிங். சூடானப்புறமும் விடாத வெள்ளை, கூட கூலன்ட் தண்ணியும் குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படுங்க, ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட திறந்துடாதீங்க.

இதை படிக்கிற யாராவது இன்னும் பழைய கார்புரேட்டர் வண்டி வச்சிருந்தா, கணக்கு அதேதான், ஸ்கேனர் மட்டும் கிடையாது. பாதி கார்புரேட்டர் கோளாறு பாயிண்ட்ல (டிஸ்ட்ரிபியூட்டர்ல கரண்டை விட்டு விட்டு வெட்டுற முனை) இருக்கும், அதனால கார்புரேட்டரை பிரிக்கிறதுக்கு முன்னாடி பாயிண்ட் கேப், கண்டன்சர், டைமிங் பாத்துடுங்க. வேக்யூம் அட்வான்ஸ் டயாஃப்ரமை ஹோஸ் வழியா வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சு பாருங்க, புடிச்சு நின்னா நல்லது, விட்டுட்டா ஓட்டை. மிதிச்ச உடனே ஒரு நொடி அமுங்கி அப்புறம் புடிச்சா ஆக்சலரேட்டர் பம்ப், இன்ஜின் ஆஃப்ல மேல இருந்து எட்டி பாத்துக்கிட்டே த்ராட்டிலை தள்ளுங்க, பெட்ரோல் பீச்சி அடிக்கணும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த கால ரப்பரை எல்லாம் அரிச்சு பஞ்சு மாதிரி ஆக்கும், ஹோஸை கிள்ளி பாருங்க.

இப்போ உங்க வண்டிக்கு நான் பண்றதா இருந்தா இந்த வரிசைதான்: மிஸ்ஸிங் எந்த சிலிண்டர்லயாவது இருக்கான்னு இன்ஜெக்டர் கனெக்டர் கழட்டி பாப்பேன், அந்த ரப்பர் ஹோஸை கழட்டி மடிப்பு மடிப்பா பாப்பேன், த்ராட்டில் கிளீன் பண்ணுவேன், அப்புறம் ட்ரிம் ரீடிங், வேக்யூம் கேஜ், கடைசில லோடுல பியூயல் பிரஷர். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ரெண்டை சேத்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. என் சந்தேகம் ஐடிலிங்குக்கு ஏர் லீக், மேட்டுக்கு ஃபில்டர் இல்ல சைலன்சர் அடைப்பு, ஆனா இது வெறும் சந்தேகம், அதை வச்சு நீங்களும் பார்ட் வாங்கிடாதீங்க. சூடான இன்ஜின்ல ஐடிலிங் ட்ரிம், 2500 ஆர்பிஎம் ட்ரிம், ஒரு நிமிஷம் புடிச்ச வேக்யூம் ரீடிங், மேட்டுல பியூயல் பிரஷர், இந்த நாலு நம்பரும், கோடோட ஃப்ரீஸ் ஃபிரேமும் எழுதிட்டு வாங்க, பம்ப் மாத்தணுமா வேணாமான்னு அப்போ சொல்றேன்.